உச்சியில்தான் தண்ணீர்

ஒதிலியாவின் தண்ணீர் பாட்டில் எப்போதும் ஒரு கறுப்புக் காலுறைக்குள்தான் இருக்கும். அவள் என் அம்மாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் பெரியம்மாவைத் தியா என்று கூப்பிடுவோம். மலையடிவாரத்தில் இருக்கும் பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கூட வேலை செய்யும் பெண்களின் பாட்டில்கள் நீலமும் வெள்ளியுமாக மினுங்கும். இவளுடையது மட்டும் ஆண்கள் போடும் பழைய காலுறைக்குள் கழுத்து வரை புதைந்து கிடக்கும்.

"என்னடி ஒதிலியா, பாட்டிலுக்குக் குளிருதா?" என்று சாயோ கேட்பாள். அந்தக் கூடத்தில் வாய் அடங்காத பெண் அவள்தான். "இந்த பீனிக்ஸ் ஊர்லயே குளிர்ல நடுங்குற ஒரே ஜீவன் உன் பாட்டில்தான்."

"அதுக்குக் கொஞ்சம் வெக்கம் உண்டு. உன்னை மாதிரி இல்ல," என்பாள் தியா, படுக்கை விரிப்பின் மூலையை மடித்தபடி.

காலுறையின் காரணம் சாயோவுக்கும் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பு, எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கும் சொனோராவிலிருந்து, ஒளிந்து ஒளிந்து பாலைவனத்தைக் கால்நடையாகக் கடந்து தியா இங்கே வந்தாள். கூட்டிவந்த ஆள் முதலில் சொன்ன விஷயம், மினுங்குவது எதுவும் கையில் இருக்கக் கூடாது. தண்ணீர்க் கேன்களையெல்லாம் கறுப்புத் துணியால் சுற்றச் சொன்னான். எல்லைக் காவல் ஹெலிகாப்டரின் சத்தம் கேட்டால் புதருக்கடியில் குப்புற விழ வேண்டும். "மேல பாக்காதீங்க. மூஞ்சி மினுங்கும்." அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. அவன் சொன்ன வார்த்தை மட்டும் எங்கள் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், காலுறை போட்டுக்கொண்டு நிற்கிறது.

தியாவிடம் இன்றுவரை இங்கே தங்குவதற்கான காகிதம் இல்லை. எங்கள் தெருவில் காகிதம் என்று சொன்னால் அது எந்தக் காகிதம் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. பேருந்தில் பின்கதவுக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவாள். அறிமுகமில்லாத கார் எங்கள் வீட்டு முன் நின்றால் அடுப்பைக் குறைத்துவிட்டு அசையாமல் நிற்பாள். கார் போனபின் எதுவும் நடக்காதது போலக் கரண்டியை எடுப்பாள். சிரிப்பும் கிண்டலுமாக இருக்கிற ஒருத்திக்குள் இப்படி ஒரு அசையாத பெண் இருப்பது சின்ன வயதில் எனக்கு விளையாட்டு போலத் தெரிந்தது. வளர வளர அந்த நிமிடங்களில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

சலவைக்கூடத்தின் பின்வாசலைத் திறந்தால் மலை. செங்குத்தான சிவப்புப் பாறை. நகரத்தில் பாதிப் பேர் உடம்பைக் குறைக்க அதில் ஏறுவார்கள். வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க ஏறுவார்கள். வாரத்தில் யாராவது ஒருவர் மயங்கி விழுவார், அல்லது கணுக்காலை மடக்கிக்கொள்வார். தீயணைப்புத் துறையின் ஹெலிகாப்டர் வந்து கயிற்றில் தூக்கிப் போகும். பெண்கள் வேலையை விட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"பருந்து ஒரு கோழியைத் தூக்கிருச்சு!" என்பாள் சாயோ. "நல்ல கொழுத்த கோழி."

அந்த நேரத்தில் தியா உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால் போய்விடுவாள். அதைப் பற்றி மட்டும் சாயோ ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இத்தனை வருடம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்த தியா அதில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏற வேண்டி வந்தது என்னால்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இரண்டாம் வருடம் அதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மற்றவர்களுக்கெல்லாம் யாரோ ஏதோ முன்கூட்டியே சொல்லி அனுப்பியது போலவும், எனக்கு மட்டும் சொல்ல மறந்தது போலவும் இருந்தது. வேதியியலில் தோற்றேன். வகுப்புக்குப் போகாமல் வண்டி நிறுத்தும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். ஒருநாள் சாப்பிடும்போது, நானும் சலவைக்கூடத்துக்கே வருகிறேன் என்று சொன்னேன். அம்மா அழுதாள். தியா, தோர்த்தியா ரொட்டி சுட்ட கல்லைத் துடைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். அவ்வளவுதான் நான் பார்த்தது. பிறகு எப்படியோ கல்லூரியை விடாமல் இருந்தேன். எப்படி என்று இன்றும் எனக்குத் தெளிவாகத் தெரியாது.

இந்த மே மாதம் பட்டம் வாங்கினேன், பொது சுகாதாரத்தில். எங்கள் பிள்ளைகள் பட்டமளிப்பு விழாவில் பல வண்ணக் கோடுகள் நெய்த துண்டு ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். அதைத் தியாதான் வாங்கித் தந்தாள். ஜூன் முதல் வாரம் நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து ஒரு லாரி என் காரை இடித்தது. கார் நசுங்கியது, எனக்குக் கழுத்து வலியோடு போனது. வீட்டுக்கு வந்து சொன்னபோது தியாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இது முதல் நோட்டீஸ்," என்றாள்.

"என்ன நோட்டீஸ்?"

"உன் பட்டத்துக்காக நேந்துக்கிட்டேன் யாரெலி. வாங்கிட்டோம். இன்னும் குடுக்கல."

எல்லைக்கு அந்தப்பக்கம் மக்தலேனா ஊர்க் கோயிலில் படுத்த கோலத்தில் ஒரு சவேரியார் சிலை இருக்கிறது. அக்டோபரில் ஜனங்கள் நாள்கணக்கில் நடந்து போய், அவர் தலையைக் கையால் தூக்கி முத்தமிடுவார்கள். நேர்ச்சை பாக்கி வைத்தவர் தூக்கினால் தலை எழும்பாது என்பார்கள்.

"கறாரான ஆளு," என்றாள் தியா. "கேட்டதைக் குடுப்பாரு. ஆனா வாங்காம விடமாட்டாரு."

"நீ அங்க போனா திரும்பி வர முடியாதே தியா."

"அதெல்லாம் அவர்கிட்ட அப்பவே பேசி முடிச்சிட்டேன். மக்தலேனாவுக்குப் பதிலா இந்த மலை. ஆனா சும்மா ஏறுனா அது என்ன நேர்ச்சை? காதுல பாட்டை மாட்டிக்கிட்டு ஊரே ஏறுது. உச்சிக்குப் போறவரைக்கும் சொட்டுத் தண்ணி வாயில படாதுன்னு சொல்லியிருக்கேன்."

கல்லூரியில் வெயில் மயக்கத்தைப் பற்றிச் சுவரொட்டி தயாரித்தவள் நான். எந்த அறிகுறிக்குப் பின் எது வரும் என்று வரிசையாக எழுதி, படம் போட்டு, பரிசுகூட வாங்கினேன்.

"இது ஜூன் மாசம். அக்டோபர்ல போலாம்."

"அக்டோபர்ல விடுதி நிறைஞ்சிரும். எனக்கு லீவு சவேரியாரா குடுப்பாரு? இப்பதான் ஆள் இல்ல, வேலையும் இல்ல." அவள் என் கழுத்தில் களிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அக்டோபர் வரைக்கும் அவர் பொறுப்பாரா? காரை இடிச்சாச்சு. அடுத்தது எதை இடிக்கணும்?"

என்னைக் கேட்காமல் என் பட்டத்துக்கு ஒருத்தி தன் உடம்பைப் பணயமாக வைத்திருக்கிறாள். கோபம் வர வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. நானும் கூட வருவேன், இருள் பிரியும்போதே ஏறத் தொடங்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டேன். அவள் ஒப்புக்கொண்டு, என் பட்டத் துண்டை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். உச்சியில் ஒரு கல்லுக்கடியில் அதை வைத்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

முதல் பேருந்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே அடிவாரத்தில் கார்கள் நிறைந்திருந்தன. வெப்ப எச்சரிக்கை, முற்பகலுக்குமேல் பாதை மூடப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. பாதையின் தொடக்கத்தில் சீருடை போட்ட ஒரு காவல் பெண் எல்லோரிடமும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தியா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, பேசாமல் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் காலுறையைப் பார்த்துச் சிரித்து, "நல்ல யோசனை, குளுகுளுன்னு இருக்கும்," என்றாள். தியாவும் சிரித்தாள். அந்தப் பெண் கண்ணுக்கு மறையும் திருப்பம் வரை வேகத்தைக் குறைக்காமல் ஏறினாள்.

முதலில் படிகள். அடுத்து, இரும்புக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏற வேண்டிய மொட்டைப் பாறை. கம்பி விடியலிலேயே வெதுவெதுப்பாக இருந்தது. முந்தைய நாள் வெயில் பாறைக்குள்ளிருந்து இன்னும் வெளியேறவில்லை. தியா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று முணுமுணுவென்று ஜெபம் சொன்னாள். அது ஜெபத்துக்காகவா மூச்சுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

"நீ குடிடி. நேர்ச்சை எனக்குத்தான்," என்றாள்.

"நீ குடிக்காம நான் எப்படிக் குடிக்கிறது?"

"வாயாலதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். கீழே நகரம் தட்டையாக விரிந்து கிடந்தது. விடுதியின் நீச்சல் குளங்கள் நீலப் பொட்டுகளாகத் தெரிந்தன. "அதோ பாரு நம்ம கூரை. சாயோ இந்நேரம் என் தலையை உருட்டிக்கிட்டிருப்பா." அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிவது கேட்டது.

சூரியன் முகட்டைத் தாண்டியபோது நாங்கள் பெரிய உருண்டைப் பாறைகள் குவிந்த இடத்தில் இருந்தோம். அங்கே பாதை கிடையாது. ஒவ்வொரு பாறையாகக் கையும் காலும் வைத்து ஏற வேண்டும். இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் "இன்னும் கொஞ்சம்தான், இதோ வந்திருச்சு," என்றார்கள். அதைத்தான் படிக்கட்டில் வந்தவர்களும் சொன்னார்கள்.

அப்போதுதான் தியாவின் முதுகைக் கவனித்தேன். காலையிலிருந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இப்போது அது காய்ந்து காற்றில் அசைந்தது. வேர்வை நின்றுவிட்டது. என் சுவரொட்டியில் அதைச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன்.

"தியா, உக்காரு."

"நோர்மா, அடுப்பை அணைச்சியா?" என்றாள்.

நோர்மா என் அம்மா.

பாட்டிலைப் பிடுங்கித் திறந்து அவள் வாயருகே வைத்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். தாடையைப் பிடித்தேன், கையைத் தட்டிவிட்டாள். இரண்டு சொட்டு பாறையில் விழுந்து கண் முன்னாலேயே காய்ந்தது.

"நான் குடிச்சா உனக்குத்தான்டி ஏதாவது ஆகும்," என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு நான் யார் என்று தெரிந்திருந்தது.

அவளை ஒரு பாறையின் நிழலில் சாய்த்துவிட்டு, சற்றுத் தள்ளி அடுத்த பாறைக்குப் பின்னால் போனேன். கைப்பேசி கையில் இருந்தது. அழைத்தால் சீருடைகள் வரும். பெயர் கேட்பார்கள், முகவரி கேட்பார்கள். அழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே படம் வரைந்திருக்கிறேன். அவளை இங்கிருந்து கொண்டுபோகிறவர்கள் அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்களா, எல்லைக்கு அந்தப்பக்கம் அனுப்புவார்களா? எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. பட்டம் வாங்கியவள், இது தெரியவில்லை. அழைத்தேன். கல்லூரியில் பழகிய திருத்தமான ஆங்கிலத்தில் இடத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ அந்நியருடையது போல இருந்தது.

திரும்பி வந்தபோது நிழலில் தியா இல்லை.

பெயர் சொல்லிக் கத்தினேன். அதற்குள் அடிவாரப் பக்கமிருந்து அந்தச் சத்தம் எழுந்துவிட்டது, முதலில் நெஞ்சுக்குள், அப்புறம் காதில். ஏறிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பாதைக்கு இரண்டு பக்கமும் சரிவு. முள் கள்ளிகள், கால் வைத்தால் உருளும் கற்கள். அவள் விழுந்திருந்தால் எந்தப் பக்கம் விழுந்திருப்பாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் தப்பித்து ஓடியதே நான் கூப்பிட்ட ஹெலிகாப்டரிடமிருந்துதான்.

இந்த மலையில் மேலே பார்க்காத ஒரே ஆளைத் தேட வேண்டும். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினேன். உள்ளங்கையில் முள் ஏறியது. சரிந்து நின்ற ஒரு பெரிய பாறையும் அதை ஒட்டி ஒரு முட்செடியும் இருந்த இடத்தில், நிழலுக்குள், கறுப்புக் காலுறை தெரிந்தது. மூடி திருகி, சாயாமல், பத்திரமாக நிறுத்தி வைத்திருந்தாள். அதற்குப் பின்னால் அவள் செருப்பின் அடிப்பாகம்.

குப்புறப் படுத்திருந்தாள். பட்டத் துண்டைச் சுருட்டி வயிற்றுக்கடியில் அழுத்தி வைத்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவள் கை இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது.

"தலையைக் குனி. அசையாத. இதுல எவ்வளவு கலர் பாரு, மேலருந்து பளிச்சுனு தெரியும்."

"தியா, அவங்க உதவிக்கு வந்தவங்க. நான்தான் கூப்பிட்டேன்."

"அவளும் அப்படித்தான் சொன்னா."

"யாரு?"

"எங்ககூட வந்தவ. சின்னப் பொண்ணு, உன் வயசுகூட இருக்காது. தண்ணி தீந்து போச்சு. ஹெலிகாப்டர் வந்ததும் எந்திரிச்சு நின்னு கையை ஆட்டுனா." அவள் மண்ணைப் பார்த்தே பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் மூச்சு வாங்கியது. "நாங்க எல்லாரும் படுத்துக்கிட்டே அவளைத் திட்டுனோம். கெட்ட வார்த்தையில திட்டுனோம்."

"அப்புறம்?"

"தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப அவ பொழைச்சிருப்பா இல்ல?"

தியா முகத்தை மண்ணோடு அழுத்திக்கொண்டாள். எங்களுக்கு மேல் சத்தம் வட்டமடித்தது. தூசியும் சிறு கற்களும் பாறையில் பட்டுத் தெறித்தன. அவள் உதட்டோரம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. நான் மறுபடி தண்ணீரைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் சற்று விலகியது. இன்னும் விலகியது. மலையின் மறுபக்கம் தேடப் போகிறார்கள்.

"போகுது," என்றாள் நிம்மதியாக. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. லாரி இடித்தபோதுகூட இல்லை.

என்ன பேசுகிறேன் என்று யோசித்துப் பேசவில்லை. "தியா, உச்சிக்குப் போனா தண்ணி குடிப்ப இல்ல?"

"ம்."

"அது உச்சிக்கு மேலேயே பறக்கும். உன்னை உச்சிக்குக் கொண்டுபோகும். மக்தலேனாவை இந்த மலையா மாத்தச் சம்மதிச்சவர், நடையை ஹெலிகாப்டரா மாத்தச் சம்மதிக்க மாட்டாரா?"

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். அந்த நிலையிலும் அவளுக்குள் பேரம் பேசுகிறவள் முழித்துக்கொண்டாள்.

"அது ஏமாத்து வேலை இல்லையா?"

"அதுல ஏற உனக்குப் பயமா இல்லையா?"

"செத்துருவேன் போல இருக்கு."

"அப்ப ஏமாத்து வேலை இல்ல. நடக்கிறதைவிட இதுதான் உனக்குப் பெரிய நேர்ச்சை."

"பேரைக் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"நீ கூட வருவியா?"

"ஒருத்தரைத்தான் தூக்குவாங்க தியா."

அவள் வயிற்றுக்கடியில் கையை விட்டுத் துண்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மறுமுனையை அவள் விடவில்லை. மடிக்க வேண்டிய படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்தது போலச் சில நொடிகள் இருந்தோம். அப்புறம் அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

பாறைமேல் ஏறி நின்று, துண்டை விரித்துத் தலைக்கு மேல் ஆட்டினேன். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் காற்றில் படபடத்தன. வெறும் வானம். கை ஓயும்வரை ஆட்டினேன். கீழேயிருந்து தியாவின் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணு மாதிரியே நிக்கிற." திட்டுகிற குரலாக இல்லை.

சத்தம் திரும்பி வந்தது.

கயிற்றில் இறங்கிய தீயணைப்பு வீரரின் சட்டையில் பெர்னால் என்று எழுதியிருந்தது. எங்கள் பாஷையிலேயே பேசினார். "என்னம்மா, நல்ல நிழலாப் பாத்துப் படுத்துட்டீங்க? பேர் என்ன?"

"ரோசாரியோ," என்றாள் தியா. அது சாயோவின் முழுப்பெயர்.

அவர் தண்ணீரை நீட்டினார். தியா தலையாட்டி மறுத்துத் தன் பாட்டிலைக் கையில் இறுக்கிக்கொண்டாள். "மேல போய்க் குடிக்கிறேன்." அவர் என்னைப் பார்த்தார். "நேர்ச்சை, மக்தலேனா," என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஈரத் துணியைப் பிழிந்து அவள் கழுத்தைச் சுற்றினார்.

"எங்கம்மாவும் மக்தலேனா போனவங்கதான், கோயில் வாசல்லருந்து முட்டிபோட்டே. இது குடிக்கிறது இல்ல, நனைக்கிறது. இதுக்கு அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மேல ஏறுன உடனே குடிக்கணும், சரியா?"

அவளைப் பை போன்ற ஒன்றுக்குள் வைத்துப் பட்டைகளை மாட்டினார். "யாரெலி, யாரெலி," என்று என் பெயரை ஜெபம் போலச் சொன்னாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். கயிறு இழுபட்டது. கறுப்புக் காலுறையை மார்போடு அணைத்தபடி என் தியா மெல்லச் சுழன்று சுழன்று மேலே போனாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஹெலிகாப்டர் அவளை உள்ளே வாங்கிக்கொண்டது, மூக்கை நகரத்தின் பக்கம் திருப்பியது, சரிவை ஒட்டிப் பள்ளத்தாக்கின்மேல் போய்க் கீழே இறங்கியது. உச்சி இடப்பக்கம் இருந்தது. அங்கே நின்று கையாட்டிக்கொண்டிருந்தவர்கள் அதைவிட உயரத்தில் இருந்தார்கள். அது உச்சிக்கு மேல் போகவே இல்லை.

நான் விழுந்தடித்து இறங்கி வந்தபோது, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஆம்புலன்சின் கதவு திறந்திருந்தது. தியாவின் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. காலுறை போட்ட பாட்டில் காலியாகப் பக்கத்தில் கிடந்தது. உயிரோடு இருக்கிறாள். ஆம்புலன்சின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"குடிச்சியா?"

"ஒரு சொட்டு விடல." குரல் கரகரத்தது. என்னைக் கிட்டே வரச் சொன்னாள். "கண்ணைத் தொறக்கவே இல்லடி. இப்ப உச்சி வந்திருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டுக் குடிச்சேன். நீ கீழருந்து பாத்துக்கிட்டுதானே இருந்த? உச்சிக்கு மேல போச்சா?"

அவள் என்னிடம் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை. படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற முகம்.

"போச்சு தியா," என்றேன். "நேர் மேல."

கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது.

மருத்துவமனையில் ரோசாரியோவிடம் யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் பல வாரங்கள் தெருவில் கார் நின்றால் நான் சன்னலுக்கு ஓடினேன். சலவைக்கூடத்தில் சாயோ கொண்டாடித் தீர்த்துவிட்டாள். "என் பேர்ல ஓசிச் சவாரி போயிருக்கா! கோழியே பருந்து முதுகுல ஏறி ஊர் சுத்திட்டு வந்திருக்கு." தியாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கடன் தீர்ந்தவள் மாதிரி சமையலறையில் பாடினாள், நிம்மதியாகத் தூங்கினாள். ஹெலிகாப்டர் வந்தால் இப்போதும் இயந்திரங்களுக்குப் பின்னால் போவதாகச் சாயோ சொன்னாள். அது மாறவில்லை.

தூக்கம் போனது எனக்குத்தான். சவேரியாரை நம்புகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். படித்த எதுவும் ஆம் என்று சொல்லவில்லை. ஆனால் தியாவின் பேருந்து தாமதமானால் உள்ளங்கை வேர்த்தது. அம்மா இருமினால் எண்ணத் தொடங்கினேன். அடுத்த நோட்டீஸ் யார் பெயருக்கு வரும்? தீர்ந்ததாகச் சொன்னது நான். தீரவில்லை என்று தெரிந்த ஒரே ஆளும் நான்.

அக்டோபரில் காற்று குளிர்ந்தது. விடுதி நிறைந்து, தியா விடிவதற்கு முன்பே வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஒரு சனிக்கிழமை, நண்பர்களைப் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். பட்டத் துண்டைப் பைக்குள் வைத்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் தியா அன்று அவசரத்தில் விட்டுப்போயிருந்த, கறுப்புக் காலுறை போட்ட பாட்டிலை எடுத்து நிரப்பினேன்.

படிகள், கம்பி, உருண்டைப் பாறைகள். குளிர்காலத்திலும் அந்த மலை நாக்கை உலர்த்திவிடும். அவள் படுத்திருந்த சரிவைத் தாண்டும்போது நான் நிற்கவில்லை. எங்கோ தூரத்தில், வேறு ஏதோ வேலையாக, ஒரு ஹெலிகாப்டர் போனது. என் கழுத்து தானாகக் குனிந்தது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

கடைசி ஏற்றத்தில், இறங்கி வந்த ஒரு தொப்பிக்காரர் நின்றார். "உதடெல்லாம் வெடிச்சிருக்கே. தண்ணி வேணுமாம்மா?"

"இருக்கு," என்றேன். "உச்சி இன்னும் எவ்வளவு தூரம்?"

"இன்னும் கொஞ்சம்தான். இதோ வந்திருச்சு."

இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இன்னும் திறக்காத பாட்டிலை மறு கைக்கு மாற்றிக்கொண்டு ஏறினேன்.